பாக்கி வாஷிங் மெஷின்

சென்ற வாரம் மெக்கானிக்கின் அம்மா ஃபோனை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடியதோடு கதையை நிறுத்தியிருந்தேன். உடனே கடிதங்கள். "ஃபோன் நனைந்ததா இல்லையா?" என்று ஒரு வாசகி. "யாராவது தெரியாமல் மெஷினை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்?" என்று இன்னொருவர். நனையவில்லை, அம்மா. அது ரிப்பேருக்கு வந்த மெஷின். அதன் மோட்டார் கழற்றப்பட்டு மேஜைமேல் கிடக்கிறது. ஃபோன் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருந்துகொண்டே அடிக்கிறது. டிரம்முக்குள்ளிருந்து அடிப்பதால் முன்பைவிடக் கணீரென்று கேட்கிறது என்பதுதான் கொடுமை.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் மெக்கானிக் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் பழுது பார்ப்பவன். முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்குச் சாமான் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் ஃபோன் வழியாகவே கடன் வாங்கினான். ஒழுங்காகத்தான் கட்டிவந்தான். ஒரு நாள் மாடிப்படியில் மெஷினை இறக்கும்போது கால் தடுக்கி மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் போட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருந்ததில் மூன்று தவணை நின்றுபோயிற்று. இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது, வேலைக்கும் இறங்கிவிட்டான். ஆனால் அந்த மூன்று தவணை அப்படியே கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கடன் கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கேட்பதற்கு ஒரு முறை வேண்டாமா? பல் துலக்குவதற்குள் ஒரு ஃபோன். வாய் கொப்பளிப்பதற்குள் இன்னொன்று. மெக்கானிக் பயந்து தன் ஃபோனை அணைத்துவிட்டான். அது போதாதா, அழைப்புகள் அவன் அம்மாவின் ஃபோனுக்குத் தாவின. அவள்தான் பொறுக்கமாட்டாமல் ஃபோனைக் கொண்டுபோய் மெஷினுக்குள் போட்டவள். அங்கிருந்தும் எடுக்கவில்லை என்றதும் அழைப்புகள் அவன் மனைவி வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தன.

இத்தனைக்கும் பேசுவது ஒரே ஆள். மிரட்டுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வான். அதனால் வீட்டில் அவனுக்குக் கனைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

*

மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு டாக்ஸி கம்பெனியில் வேலை. அழைப்பை எடுத்து, ஆள் நிற்கும் இடம் கேட்டு, பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். டிரைவர்கள் எல்லாரும் அவளைக் "கன்ட்ரோல்" என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. கோபம் வந்தால் மெக்கானிக்கும் அப்படித்தான் கூப்பிடுவான், அடுத்த அறையிலிருந்து.

அன்று காலை ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்ததும் விளக்கு எரிந்தது.

"வணக்கம், டாக்ஸி கன்ட்ரோல். எங்கேருந்து எங்கே போகணும்?"

"எங்கேயும் போகலை." அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. "உன் புருஷன் எங்கே?"

"சார், இது டாக்ஸி லைன். தயவுசெஞ்சு வெச்சிடுங்க."

"பணத்தை வெச்சாத்தான் ஃபோனை வெப்பேன். கடனை வாங்கிட்டு ஒளிஞ்சுக்கிறவன் பொண்டாட்டிக்கு என்ன இவ்வளவு கம்பீரம்? இன்னிக்கு உங்க மாமியாரை ரோட்டுல நிக்க வெச்சுக் கேப்போம். தெரு மொத்தமும் பாக்கும்."

கன்ட்ரோல் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடியும் அவனே. வைத்தாள். மறுபடியும். எதிரே சுவரில் இருந்த திரையில் காத்திருக்கும் அழைப்புகள் சிவப்பில் ஏறிக்கொண்டே போயின. பக்கத்து நாற்காலிப் பெண் இவளைப் பார்ப்பதைத் தவிர்த்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு காலத்தில் தானே டாக்ஸி ஓட்டி, ஒரு வண்டியைப் பத்து வண்டியாக்கியவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மறுபடியும் அவனா?"

"ஆமா மேடம்."

"வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போற பெரியவர் இருக்காரில்ல, அவருக்கு நம்ம லைனே கிடைக்கலையாம். ரோட்டுல நின்னு கையைக் காட்டி வேற வண்டி பிடிச்சுப் போயிருக்கார். எங்கிட்ட வருத்தப்பட்டார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

கன்ட்ரோல் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் பற்றி எரிந்தது. அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதால் ஹெட்செட்டின் பஞ்சு நனையும், அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டும்.

"நீ நல்லா வேலை செய்யறவ. எனக்குத் தெரியாதுன்னு இல்லை. ஆனா எனக்கு இருக்கறது இந்த லைன் ஒண்ணுதான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இது நிக்கணும். நிக்கலைன்னா நாளைக்கு அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும். மனசுல வெச்சுக்காதே."

மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வதாம்? மெக்கானிக்கின் வருமானம் வரும், போகும். மாதம் பிறந்தால் உறுதியாக வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். வாடகை அதில், மாமியாரின் மருந்து அதில். வேலை போனால் மூன்று தவணை ஆறாகும், கனைப்பு வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடுவான்.

போன வாரம்வரை இருந்த கன்ட்ரோல் என்றால் கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாள். இன்று என்னவோ, "மாமியாரை ரோட்டுல நிக்க வெப்போம்" என்ற அந்த ஒரு வார்த்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டது. அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், நம்ம லைன்ல வர்ற ஃபோன் எல்லாம் பதிவாகுதில்ல?"

"ஆகும். டிரைவருக்கும் கஸ்டமருக்கும் சண்டை வந்தா போட்டுக் கேக்கறதுக்கு."

"அந்த ஆள் பேசினதெல்லாம் எனக்கு வேணும். மதியத்துக்கு லீவும் வேணும்."

"எதுக்கு?"

"அவங்க ஆபீஸ்ல போட்டுக் காட்டறதுக்கு."

 முதலாளியம்மா பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "எல்லாத்தையும் இவ ஃபோனுக்கு அனுப்பு" என்றாள். "போறதுன்னா நம்ம வண்டியில போ. காசு வேண்டாம்."

*

இங்கே இப்படி இருக்க, கடையில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் ஒரு மெஷினைச் சாய்த்துப் போட்டு அடியில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். ஆள் அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறார்களே. கையில் ஒரு பழைய வடிகால் குழாயை வேறு வைத்திருந்தாள், வந்தால் நாலு போடலாம் என்று.

விடுவிடுவென்று ஒருத்தி வந்தாள். அடுத்த தெருவில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்பவள். அவள் கடைத் துண்டுகள் துவைக்கும் மெஷினை மெக்கானிக் கை ஒடிவதற்கு முன்பே சரிசெய்து கொடுத்திருந்தான்.

"ஏங்க, ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருந்தா தந்திருக்க மாட்டேனா?" என்றாள் வந்ததும் வராததுமாக. "இதுக்குப் போய் ஆளை வெச்சா கேக்கறது?"

மெக்கானிக் மெஷினுக்கு அடியிலிருந்து திருதிருவென்று விழித்தான். "எந்த ஆள்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. கடை நிறைய ஆள் உக்காந்திருக்காங்க. ஃபோன் வருது. எடுத்தா ஒருத்தர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, 'நீங்கதானே பாக்கி வாஷிங் மெஷின்?'ங்கறார். நான் ஆமாங்கறதா, இல்லைங்கறதா? அப்புறம் உங்க கடைப் பேரைச் சொல்லி, தவணை வரலை, சும்மா விடமாட்டோம், ஆள் அனுப்புவோம்னு ஒரே சத்தம். ஸ்பீக்கர்ல வேற போட்டுட்டேன், கையில கத்திரிக்கோல் இருந்ததால. மானம் போச்சு. இந்தாங்க உங்க காசு. மீதி எல்லாம் வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க."

பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

இந்த இடத்தில் நான் மெக்கானிக்கைக் கொஞ்சம் திட்ட வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இவனுக்கு யாருடைய பெயரும் நினைவில் நிற்காது. மெஷின்தான் நிற்கும். அதனால் ஃபோனில் எண்ணைச் சேமிக்கும்போது மெஷினின் பெயரிலேயே சேமிப்பான்: "கசியும் ஃபிரிட்ஜ்", "ஆடும் வாஷிங் மெஷின்", "கரப்பான் மைக்ரோவேவ்". வேலை முடிந்து காசு வராவிட்டால், வாய் திறந்து கேட்க மாட்டான். கூச்சம். முன்னால் "பாக்கி" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, கேட்டதாகவே நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவான். கடன் வாங்கும்போது, உங்கள் ஃபோனில் உள்ள எண்களை எல்லாம் பார்க்கலாமா என்று அந்தத் திரை கேட்டது. பார்த்துக்கொள் என்று அழுத்தினான். நீங்களும் நானும்கூட அழுத்தியிருப்போம், அதை விடுங்கள். அந்தப் பட்டியல்தான் இப்போது கனைப்பின் கையில். அவன் வீட்டை முடித்து, மனைவியின் வேலையிடத்தை முடித்து, வாடிக்கையாளர்களிடம் இறங்கிவிட்டான்.

மெக்கானிக்குக்கு இது புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "போச்சும்மா. எல்லார் கிட்டயும் என்னைக் கடன்காரன்னு சொல்லியிருப்பான். இனிமே யார் இந்தக் கடைப் பக்கம் வருவாங்க?"

அதற்குள் இன்னொருத்தி வந்துவிட்டாள். நடனம் சொல்லிக் கொடுப்பவள். "தப்பா நெனைச்சுக்காதீங்க, மறந்தே போயிட்டேன்" என்று பையைத் திறந்தாள். "பாக்கி டிரையர்னு கூப்பிட்டதும் எனக்குத் தாளமே தப்பிடுச்சு. உங்க ஏஜெண்டு ரொம்பக் கறார்ங்க."

"ஐயோ, அது என் ஏஜெண்டு இல்லீங்க, அவங்க என்னைத்தான்..." என்று தொடங்கினான் மெக்கானிக்.

அம்மா அவன் காலை மிதித்தாள். நல்ல மிதி. "ஆமாம்மா, அவர் கொஞ்சம் கறார்தான்" என்றாள் வந்தவளிடம். "நாங்க சொல்லி வெக்கறோம்."

அவள் போனதும் மெக்கானிக் காலைத் தேய்த்துக்கொண்டே, "பொய்ம்மா அது" என்றான்.

"எது பொய்? நீ வேலை செஞ்சது பொய்யா? அவங்க தராதது பொய்யா? நீ கேக்க மாட்டே. எவனோ ஒருத்தன் சம்பளம் வாங்காம உனக்காகக் கேக்கறான். வாயை மூடிக்கிட்டு பெல்ட்டை மாட்டு."

பெல்ட் மாட்டி முடிவதற்குள் பாக்கி ஃபிரிட்ஜ் வந்தார். பாக்கி டிஷ்வாஷர் தன் மகளை அனுப்பினார். கனைப்பு அன்று காலை எவ்வளவு உழைத்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. கடைசியாக ஒரு பெரியவர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், பணத்தை மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

"பாக்கி மைக்ரோவேவ். அது சரி. ஒத்துக்கறேன். அதுக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள 'பேச்சு ஜாஸ்தி'ன்னு போட்டிருக்காமே. அதையும் அந்த ஆள் படிச்சான். அது யார் போட்டது?"

மெக்கானிக் அசடு வழிந்தான். இவரிடம் மட்டும் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அம்மா மிதிக்க வருவதற்குள், கை ஒடிந்தது, தவணை நின்றது, தன் மனைவிக்கு டாக்ஸி கம்பெனியில் இன்று மாலையோடு வேலை போகப்போவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அவளிடமிருந்து காலையிலேயே ஒரு டாக்ஸி டிரைவர் மூலம் செய்தி வந்திருந்தது.

பெரியவர் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நினைத்தான். அவர் சிரித்தார். "அப்ப அவன் உன்னைத்தான் மிரட்டறானா? நான் பாட்டுக்கு நீ பெரிய ஆளாயிட்டேன்னு நெனைச்சேன்."

அந்த நேரம் பார்த்து டிரம்முக்குள் ஃபோன் அடித்தது. பெரியவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு எடுத்தார்.

"ஹலோ. யாரு? நீயா? காலையில பேசினியே, அதே ஆள்தான் பேசறேன், மைக்ரோவேவ். நல்லதாப் போச்சு. உன் கிட்ட நிறையப் பேச வேண்டியிருக்கு. நான் சர்வீஸ்ல இருந்தப்போ, டிக்கெட் இல்லாம வந்தவன் கிட்டக்கூட மரியாதையாத்தான் பேசுவேன், தெரியுமா? ஒரு தடவை என்னாச்சு, ஒரு கல்யாணப் பார்ட்டி முழுக்கத் தப்பு வண்டியில ஏறிடுச்சு..."

அம்மா அவருக்கு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். பெரியவர் உட்கார்ந்தார். கல்யாணப் பார்ட்டி மூன்று ஸ்டேஷன் தாண்டியது. பெரியவரின் மாப்பிள்ளை வந்தார், அவருடைய சர்க்கரை நோய் வந்தது, மைக்ரோவேவ் வாங்கிய கதை வந்தது. அந்தப் பக்கம் கனைப்புக்கு மேல் கனைப்பாகக் கேட்டது. வார்த்தை வெளியே வர வழியில்லை.

கடைசியில் பெரியவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சுட்டானே" என்றார் ஏமாற்றத்தோடு. "கல்யாணம் நடந்துதா இல்லையான்னுகூடக் கேக்கலை."

இத்தனை வாரத்தில் கனைப்பு தானாக ஃபோனை வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று மெக்கானிக்குக்கு நினைவில்லை. கையில் ஸ்பானரோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

*

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. கன்ட்ரோல் இறங்கியவள், மேஜைமேல் கிடந்த பணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது ஏது?"

"எல்லாம் நம்ம ஏஜெண்டு வசூல் பண்ணது" என்றாள் மாமியார், முகத்தை மாற்றாமல்.

விஷயத்தைக் கேட்டு அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு தவணைக்கும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. கொஞ்சம் மிச்சம்கூட" என்றான் மெக்கானிக்.

"அப்ப கையைக் கழுவிட்டு வாங்க. போய்க் கட்டிட்டு வரலாம்."

"பணத்தை அனுப்பிட்டாப் போதாதா? நேர்ல வேற போகணுமா?"

"பணம் கட்டினா இந்த மாசம் நிக்கும். அடுத்த மாசம் ஒரு நாள் தள்ளிப்போனா மறுபடி என் தலையிலதான் வந்து விடியும். நான் பேச வேண்டியது இருக்குங்க. நீங்க பேச வேண்டாம், கூட நின்னாப் போதும்."

மெக்கானிக் கையைக் கழுவப் போனான். "அத்தை, கடையைப் பாத்துக்கங்க" என்றாள் கன்ட்ரோல். "இன்னும் பாக்கி யாராவது வந்தா வாங்கி வையுங்க" என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டாள்.

*

நிதி நிறுவனத்தின் கிளை அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. வரிசையாக நாற்காலிகளில் ஆட்கள், எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி களைப்பு. கவுன்டருக்கு வெளியே வந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் தயாராக வைத்திருந்த புன்னகை.

"பணம் கட்டணுமா? டோக்கன் எடுத்துக்கங்க."

"கட்டத்தான் வந்திருக்கோம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க." கன்ட்ரோல் ஃபோனை உயர்த்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

முதலில் ஒரு கனைப்பு. பிறகு அந்தக் குரல். "பணத்தை வெச்சாத்தான் ஃபோனை வெப்பேன். கடனை வாங்கிட்டு ஒளிஞ்சுக்கிறவன் பொண்டாட்டிக்கு என்ன இவ்வளவு கம்பீரம்? இன்னிக்கு உங்க மாமியாரை ரோட்டுல நிக்க வெச்சு..."

நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி எழுந்தே விட்டாள். "இதே ஆள்தான். எங்க அப்பாவுக்கும் இவன்தான் ஃபோன் பண்ணான்."

"எனக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அந்தக் கனைப்பை வெச்சே சொல்லிடுவேன்."

மேனேஜரின் புன்னகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "மேடம், மேடம், உள்ள ரூம்ல உக்காந்து பேசலாமே."

"வேண்டாம் சார். அவர் எங்களைப் பத்தி ஊர் முழுக்கப் பேசறார். நாங்க மட்டும் ஏன் ரூமுக்குள்ள பேசணும்?" என்றாள் கன்ட்ரோல். குரலை அவள் உயர்த்தவே இல்லை. டிரைவர்களிடம் பேசுவாளே, அதே குரல். "இந்த மாதிரி இன்னும் நிறைய இருக்கு. எல்லாத்தையும் உங்க தலைமை அலுவலகத்துக்கும், கடன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆபீசுக்கும் வர்ற வழியிலயே அனுப்பிட்டேன். கடன் வாங்கினது இவர். கேக்கறதுன்னா இவரைக் கேளுங்க, பகல்ல கேளுங்க, மரியாதையாக் கேளுங்க. பதில் சொல்லுவார். என் ஆபீசுக்கோ, எங்க அத்தைக்கோ, இவர் கஸ்டமருக்கோ இனிமே ஒரு ஃபோன் போகக்கூடாது. அத்தனை நம்பரையும் எங்க கண்ணு முன்னாடி அழிக்கணும். அதோட, எங்க வீட்டுக்கு ஆள் வராமலே வந்ததாக் கணக்குல ஒரு செலவு போட்டிருக்கீங்களே, அதையும் எடுக்கணும். எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பணம் இதோ இருக்கு."

"எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடுங்க" என்றாள் குழந்தைக்காரி. "எனக்கும்" என்றது பின்வரிசை.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், அந்தக் குளிரிலும். கணினியில் தட்டினார். வீட்டுக்கு வந்த செலவு மறைந்தது. பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நான் அங்கே இருந்திருந்தால் கை தட்டியிருப்பேன்.

நம்பர்களை அழிப்பதற்குத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒருவனை வரவழைத்தார்கள். ஒல்லியான பையன், இன்னும் சரியாக மீசைகூட முளைக்கவில்லை. சட்டைப் பையில் தொண்டை வலி மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கனைத்தான்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா?" என்றான் மெக்கானிக்.

 "டார்கெட்ணா" என்றான் பையன் மெல்ல. "பேசலைன்னா எனக்கு வேலை போயிடும்."

கன்ட்ரோலுக்கு அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பாதி கேள்வி போய்விட்டது.

"எனக்கும் ஃபோன்ல பேசறதுதான் தம்பி வேலை. ஒரு நாள் முழுக்கப் பேசறேன். எனக்கும் தொண்டை போகும். நான் யாரையும் அழ வெச்சதில்லை. உன்னால நான் தினமும் அழுதிருக்கேன். அது உனக்குத் தெரியட்டும், அவ்வளவுதான்."

பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் படித்து அழித்தான். கசியும் ஃபிரிட்ஜ் போயிற்று. பாக்கி டிரையர் போயிற்று. பேச்சு ஜாஸ்தியை மட்டும் சற்று வேகமாகவே அழித்தான். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"இது என்ன மெஷின்னு எனக்குப் புரியலை. 'பாக்கி அண்ணன்'னு போட்டிருக்கு."

 கன்ட்ரோல் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு இந்த அண்ணனைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடை ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இருவருடையது. ஒரு சண்டை, வார்த்தை முற்றியது, கட்டடச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த முன்பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் போய்விட்டான். அதற்குப் பிறகு அம்மா அவன் பேச்சை எடுத்ததில்லை. மெக்கானிக் அந்த எண்ணை அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்ததோடு சரி.

"அவருக்கும் ஃபோன் பண்ணியா?" என்று கேட்டாள் கன்ட்ரோல்.

"பண்ணேன். நேத்து. வழக்கமா எல்லாரும் திட்டுவாங்க, இல்லைன்னா வெச்சுடுவாங்க. இவர் ரெண்டும் செய்யலை. தம்பிக்குக் கை ஒடைஞ்சு பணம் கட்டலைன்னு சொன்னேன்.  அப்புறம் ஒண்ணுதான் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"எந்தக் கைன்னு கேட்டார்."

மெக்கானிக் மூலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, அந்த பிளாஸ்டிக் செடியைத் தவிர.

"உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சுடு தம்பி" என்றாள் கன்ட்ரோல். "எங்க ஃபோன்ல இருக்கு."

*

வெளியே வந்ததும் அவள் முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள்.

"மதியத்துலேர்ந்து லைன் சும்மா கிளியரா இருக்கு" என்றாள் முதலாளியம்மா. "என்ன பண்ணே?"

"போட்டுக் காட்டினேன் மேடம்."

"நாளைக்கு நேரத்துக்கு வந்துடு. உன் நாற்காலியில நானே உக்காந்திருக்கேன், முதுகு வலிக்குது. நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கணும் உனக்கு."

கன்ட்ரோல் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடுத்தெரு என்றும் பாராமல் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வயிறு பசித்தது. வழியில் இருந்த கடையில் நின்று இருவரும் டீ குடித்தார்கள். மெக்கானிக் தன் ஃபோனை உயிர்ப்பித்தான். அடிக்குமோ என்று ஒரு நிமிடம் பயந்து பார்த்தான். அடிக்கவில்லை.

கடையில் அம்மா விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்ட கடிதத்தை மருமகள் படித்துக் காட்டினாள். அம்மா இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் டிரம்மிலிருந்து தன் ஃபோனை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப எல்லா பாக்கியும் வந்தாச்சா?" என்றாள்.

"ஒருத்தர் தவிரம்மா."

அவன் சொன்ன விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கனைப்பு கூப்பிட்டதையும், அண்ணன் கேட்ட கேள்வியையும் மெக்கானிக் சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டே ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"எவனோ ஒருத்தன் காசுக்காக அவனைக் கூப்பிட்டிருக்கான்" என்றாள் கடைசியில். "நாம ஒரு தடவைகூடக் கூப்பிடலையே."

கன்ட்ரோல் கணவனின் ஃபோனை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அழுத்தினான். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுடா" என்றது குரல். பிறகு, "கை எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சுண்ணா. வேலை செய்யறேன்."

"அந்த ஆள் ஏதோ கணக்குச் சொன்னான். கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன். எவ்வளவு வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கட்டியாச்சு."

 "அப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

 யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாத மெக்கானிக், இதை மட்டும் எப்படிக் கேட்பான்? அம்மா கையை நீட்டினாள். "குடு இங்கே."

ஃபோனைக் காதில் வைத்தவள் நலம் விசாரிக்கவில்லை. அழவும் இல்லை.

"நாங்க எல்லார் பாக்கியும் வசூல் பண்ணிட்டோம். உன்னுது மட்டும்தான் நிக்குது" என்றாள். "இந்த ஃபோன்ல அனுப்பற வேலை எல்லாம் வேண்டாம். நேர்ல கொண்டா."

"வரலாமாம்மா?"

"வான்னுதானே சொல்றேன்."

"இல்லம்மா..." அண்ணனின் குரல் இறங்கியது. அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை, யார் ஃபோனில் என்று நச்சரித்துக்கொண்டிருந்தது நன்றாகவே கேட்டது. "நாங்க இப்ப மூணு பேர் இருக்கோம். மூணு பேரும் வரலாமா?"